கிளவுஸைக் கழட்டிக்கிட்டே சொன்னது

1/
வழக்கமா சுகர், பிரஷர், காய்ச்சல், தடுப்பூசின்னு எழுதுற நான் இன்னைக்கு வேற ஒண்ணு எழுதுறேன். வேலை செய்யுற இடத்துல நம்ம மனசு செய்யுற வேலையைப் பத்தியும், அதுக்கு நாம குடுக்குற விலையைப் பத்தியும். கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படிங்க.

2/
நான் இருக்கிறது குறிஞ்சிப்பாடி. வேலை இந்தப் பக்கத்துல ஒரு அரசு மருத்துவமனையில. பேர் வேண்டாம். இதுல வர்றவங்க யாருன்னு தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன். மத்தபடி நடந்தது நடந்ததுதான். தப்பு பண்ணது நான்தான்.

3/
ஒரு ராத்திரி டூட்டி. மணி ஒன்பது இருக்கும். ஐம்பது வயசு தாண்டின ஒருத்தரை பைக்ல நடுவுல உக்கார வெச்சுக் கூட்டிட்டு வந்தாங்க. தறி நெய்யுறவர். சாயந்திரத்துல இருந்து நெஞ்சு எரியுதுன்னு சோடா குடிச்சிருக்கார். சட்டை முழுக்க வேர்வை. ஈ.சி.ஜி. எடுத்தா மாரடைப்பு. லோடிங் டோஸ் மாத்திரையைக் குடுத்து, 108-க்குச் சொல்லி, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஏற்பாடு பண்ணிக்கிட்டு இருக்கும்போதே இதயம் நின்னுடுச்சு.

4/
நானும் சிஸ்டரும் மாறி மாறி நெஞ்சை அழுத்தினோம். நாற்பது நிமிஷம். அவர் திரும்ப வரல.

வெளியில பதினோரு பேர் காத்திருக்காங்க. காய்ச்சல்ல வலிப்பு வந்து இப்போதான் நின்ன ஒரு குழந்தை, தேள் கொட்டின ஒருத்தர், வடலூர் ரோட்டுல பைக்கோட விழுந்து நெத்தி கிழிஞ்ச ஒரு பையன். கதவைத் தட்டிக்கிட்டே இருக்காங்க. அந்த ராத்திரிக்கு டாக்டர் நான் ஒருத்தன்.

5/
அவரோட மனைவிகிட்ட சொல்லணும். கதவோரமா நின்னு சொன்னேன். "முயற்சி பண்ணோம்மா, முடியல." அவங்க ஏதோ கேட்டாங்க. பதில் சொல்லியிருப்பேன்னு நினைக்கிறேன். அடுத்த நிமிஷம் அந்தக் குழந்தைகிட்ட போயிட்டேன். குழந்தையோட அம்மாகிட்ட சிரிச்ச முகமா, "இது காய்ச்சல் வலிப்பும்மா, பயப்படாதீங்க"ன்னு சொன்னேன்.

காலையில வீட்டுக்கு வந்து நாலு இட்லி சாப்பிட்டுத் தூங்கிட்டேன். டூட்டியை நல்லாப் பாத்தோம்னுதான் தோணுச்சு.

6/
ஒன்றரை மாசம் போச்சு. சுகர், பிரஷர் பாக்குற நாள். கூட்டம். ஒரு அம்மா சீட்டை நீட்டினாங்க. பி.பி. 160-க்கு மேல. "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களாம்மா?"ன்னு கேட்டேன்.

"சார், என்னைத் தெரியுதா?"

தெரியல. சத்தியமா தெரியல. ஆனா "தெரியுதும்மா"ன்னு சொல்லிச் சிரிச்சேன்.

7/
"அன்னைக்கு நீங்கதான் சார் சொன்னீங்க. கையில இருந்த கிளவுஸைக் கழட்டிக்கிட்டே சொன்னீங்க. குத்தமா சொல்லல சார். அது மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருக்கு. வேற எதுவும் ஞாபகமே இல்ல."

பேனாவை வெச்சிட்டேன். அப்பவும் எனக்கு அந்த முகம் ஞாபகத்துக்கு வரல. ஈ.சி.ஜி. பேப்பர் வந்துச்சு. எத்தனை அட்ரினலின் போட்டோம்னு வந்துச்சு. இந்த அம்மாவோட முகம் வரல.

8/
அவங்க என்னைப் பாக்க வரல. பையில கொஞ்சம் மல்லாட்டை வெச்சிருந்தாங்க.

"உங்க ஆயாம்மா இருக்காங்களா சார்? எங்க அண்ணன் வர்ற வரைக்கும் அவங்கதான் கையப் புடிச்சிக்கிட்டு பக்கத்துல உக்காந்திருந்தாங்க. தண்ணி குடுத்தாங்க. எம் பொண்ணுக்கு அவங்க போன்ல இருந்துதான் பேசுனோம். அவங்களப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

9/
அந்த அக்கா ஒப்பந்தப் பணியாளர். கூட்டுறது, துடைக்கிறது, ஸ்ட்ரெச்சர் தள்ளுறது, இதுதான் அவங்க வேலைன்னு எழுதியிருக்கும். செத்தவரோட மனைவி கையைப் பிடிச்சிக்கிட்டு உக்காரணும்னு எங்கயும் எழுதியிருக்காது. அதுக்குச் சம்பளமும் கிடையாது.

மதியம் அவங்ககிட்ட கேட்டேன். "இந்த மாதிரி எத்தனை பேர்கிட்ட உக்காந்திருப்பீங்கக்கா?"

"அதை எண்ண முடியுமா சார்? அன்னைக்கு ராத்திரி வீட்டுல சோறு எறங்காது. எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னா, 'கூட்டுனமா பெருக்குனமான்னு வா, உனக்கு எதுக்கு ஊர்ப்பட்ட கவலை'ம்பாரு. அதனால சொல்றதில்ல."

10/
இப்போ யோசிச்சுப் பாருங்க. ஒரே மரணம். ஒரே ராத்திரி. நான் எதையும் உணராம நாலு இட்லி சாப்பிட்டேன். அக்காவுக்கு சோறு எறங்கல. ரெண்டு பேர்ல யாருக்கு மனநலம் நல்லா இருக்கு?

அக்காவுக்குத்தான் பாதிப்புன்னு நீங்க சொல்லலாம். நானும் அப்படித்தான் நினைச்சேன். படிச்சுப் பாத்தப்போ கவலைப்பட வேண்டியது என்னைப் பத்தியும்தான்னு புரிஞ்சது.

11/
இதுக்கு ஒரு பேர் இருக்கு. எமோஷனல் லேபர். தமிழ்ல உணர்வு உழைப்புன்னு வெச்சுக்கலாம். ஆர்லி ஹாக்‌ஷில்ட் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1983-ல் 'தி மேனேஜ்ட் ஹார்ட்' என்ற புத்தகத்தில் இதை விரிவாக எழுதினார். அவர் கவனித்தது டாக்டர்களை இல்லை. டெல்டா விமான நிறுவனத்தின் பணிப்பெண்களையும், கடன் பாக்கி வசூலிப்பவர்களையும்.

பணிப்பெண்ணுக்குச் சிரிப்பு வேலையின் ஒரு பகுதி. வசூல்காரருக்குக் கடுகடுப்பு வேலையின் ஒரு பகுதி. தட்டு தூக்குவது கைவேலை. திட்டுற பயணியைப் பாத்துச் சிரிப்பது மனசோட வேலை. ரெண்டும் உழைப்புதான். ஆனா ரெண்டாவது யார் கணக்குலயும் வராது.

12/
இந்த உழைப்பை ரெண்டு விதமா செய்யலாம்னு அவர் சொன்னார்.

ஒண்ணு, உள்ள எதுவும் இல்லாம முகத்துல மட்டும் காட்டுறது. நான் சொன்ன "தெரியுதும்மா" அதுதான்.

இன்னொண்ணு, எதிர்ல இருக்கிறவங்க நிலைமையை உண்மையாவே நினைச்சுப் பாத்து, அந்த உணர்வை உள்ளயே வரவைக்கிறது.

பிறகு வந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பாத்ததுல, முகத்துல மட்டும் காட்டுறவங்களுக்குத்தான் மனச்சோர்வு அதிகமா இருக்கு. உணர்வுக்கும் முகத்துக்கும் உள்ள இடைவெளியை நாள் முழுக்க இழுத்துப் பிடிக்கிறதே ஒரு சுமை. ரெண்டாவது வகை அந்த அளவுக்குக் கெடுக்கறதில்ல. ஆனா அதுக்கு நேரம் வேணும். ஒரு டாக்டருக்குப் பதினோரு பேர்னா அந்த நேரம் எங்க இருந்து வரும்?

13/
இது வருஷக்கணக்கா தொடர்ந்தா வர்றதுதான் பர்ன் அவுட். கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலாளர் இதை அளக்க 1981-ல் ஒரு கேள்வித்தாளை உருவாக்கினார். அவர் பார்த்தது மூணு விஷயம்.

• உணர்வு வற்றிப்போறது. காலையில எழுந்திருக்கும்போதே களைப்பு.
• மனுஷங்க மனுஷங்களா தெரியாம போறது. "ஏழாம் நம்பர் பெட்", "அந்த ஹார்ட் கேஸ்".
• நாம செய்யுறதுல அர்த்தமே இல்லன்னு தோணுறது.

ரெண்டாவதைக் கவனிங்க. இது வந்தவங்களுக்கு இது வந்ததே தெரியாது. "நான் ஸ்ட்ராங் ஆயிட்டேன்"னுதான் நினைப்போம். நானும் அப்படித்தான் நினைச்சிக்கிட்டு இருந்தேன்.

14/
உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்றுக்கொண்ட ஐ.சி.டி.-11 நோய் வகைப்பாட்டுப் பட்டியல்ல பர்ன் அவுட் இருக்கு. ஆனா நோயா இல்லை. 'வேலை சார்ந்த ஒரு நிலை'ன்னு போட்டிருக்காங்க. வேலையிடத்து அழுத்தம் சரியா கையாளப்படாம நாள்பட்டுப் போனதால வர்றதுன்னு விளக்கம்.

இது சின்ன விஷயம் இல்ல. "உனக்கு மனோதிடம் பத்தல"ன்னு ஒருத்தரைப் பாத்து சொல்றதுக்கு முன்னாடி, அவர் வேலை செய்யுற இடத்தைப் பாருங்கன்னு இதுக்கு அர்த்தம்.

15/
"டாக்டருங்க புலம்பல்"னு தாண்டிப் போயிடாதீங்க. உங்க வேலையிலயும் இது இருக்கு.

கூட்ட பஸ்ல சில்லறைக்குத் திட்டு வாங்கிட்டு அடுத்த ஸ்டாப்ல பொறுமையா டிக்கெட் கிழிக்கிற கண்டக்டர். எழுபது புடவை விரிச்சுக் காட்டி, "பிடிக்கல"ன்னு எழுந்து போறவங்களைப் பாத்து "அடுத்த முறை வாங்கக்கா"ன்னு சிரிக்கிற ஜவுளிக்கடைப் பொண்ணு. கஸ்டமர் கேர்ல கெட்ட வார்த்தை கேட்டுட்டு "வேறு ஏதேனும் உதவி வேண்டுமா"ன்னு கேக்குற பையன். வீட்டுல அடி வாங்கிட்டு வர்ற பிள்ளையை மடியில வெச்சுக்கிற அங்கன்வாடி டீச்சர். புயல் அடிச்ச மறுநாள் கம்பத்துல நிக்கிற மின்வாரியக்காரர்.

16/
எங்க பக்கத்துலயே ஒரு உதாரணம். 2020-ல் நெய்வேலி இரண்டாம் அனல் மின் நிலையத்துல மே 7-ந்தேதி ஒரு பாய்லர் விபத்து. ரெண்டு மாசம்கூட ஆகல, ஜூலை 1-ந்தேதி இன்னொண்ணு. ரெண்டிலும் உயிர்கள் போச்சு. எத்தனை பேர்னு செய்தி வந்தது.

ஆனா அந்தக் குடும்பங்களுக்குப் போன் பண்ணி முதல்ல சொன்னது யாரு? தீக்காயத்தோட இருந்தவங்க கூட ஆம்புலன்ஸ்ல பேச்சுக் குடுத்துக்கிட்டே போனது யாரு? பக்கத்துல வேலை பாத்த ஆள் போனப்புறம் அதே ஷிஃப்டுக்கு மறுபடி போய் நின்னது யாரு? இது எந்தச் செய்தியிலயும் வராது. ஆனா யாரோ ஒருத்தர் அந்த வேலையைச் செஞ்சிருக்காங்க. அது அவங்களுக்குள்ள எங்கயோ இருக்கும்.

17/
எங்க வேலையில இன்னொரு சுமையும் சேரும். பயம். 2024 நவம்பர் 13 அன்று சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் ஒரு புற்றுநோய் மருத்துவர் பணியிலிருக்கும்போதே கத்தியால் குத்தப்பட்டார். குத்தியவர் ஒரு நோயாளியின் மகன். மருத்துவர் உயிர் பிழைத்தார்.

மருத்துவமனை ஊழியர்களைத் தாக்கினால் ஜாமீன் இல்லாத குற்றம்னு தமிழ்நாட்டுல 2008-லயே சட்டம் இருக்கு. ஆனா ராத்திரி ஒரு மணிக்கு நாற்பது பேர் சூழ்ந்து நிக்கும்போது சட்டம் பக்கத்துல இருக்காது. பயத்தை முகத்துல காட்டாம, துக்கத்துல இருக்கிறவங்ககிட்ட கனிவா பேசணும். ஒரே நேரத்துல ரெண்டு உழைப்பு.

18/
"இதெல்லாம் படிக்கும்போது சொல்லித் தரலையா?"ன்னு கேப்பீங்க. எங்க பேட்ச்சுக்கு இல்ல. அஞ்சரை வருஷ எம்.பி.பி.எஸ்.ல இதயம் எப்படி நிக்குதுன்னு சொல்லிக் குடுத்தாங்க. நின்னுடுச்சுன்னு வீட்டுக்காரங்ககிட்ட எப்படி சொல்றதுன்னு சீனியரைப் பாத்துக் கத்துக்கிட்டோம். அந்த சீனியரும் கதவோரம் நின்னுதான் சொன்னார்.

2019-ல் சேர்ந்த பேட்ச்சில் இருந்து பாடத்திட்டத்துல மாற்றம் வந்திருக்கு. நோயாளிகிட்ட பேசுற விதம், மனப்பாங்கு, அறநெறி எல்லாம் இப்போ பாடம். நல்ல விஷயம்.

19/
அந்த அம்மா வந்து போனதுக்கப்புறம் நான் என்ன மாத்தினேன்? பெருசா எதுவும் இல்ல.

• முதல்ல கிளவுஸைக் கழட்டிக் குப்பைக்கூடையில போட்டுட்டு, கை கழுவிட்டுத்தான் போறேன்.
• ரெண்டு பிளாஸ்டிக் சேர். அவங்களும் உக்காரணும், நானும் உக்காரணும்.
• இறந்தவர் பேரைக் கேட்டுக்கிறேன். "பேஷண்ட்"னு சொல்றதில்ல, பேர் சொல்றேன்.
• "முடியல", "கைவிட்டுப் போச்சு"ன்னு சுத்தி வளைக்கிறதில்ல. "இறந்துட்டாரும்மா"ன்னு சொல்லிட்டு, வாயை மூடிக்கிறேன்.
• அவங்க கேக்குற முதல் கேள்வி வரைக்கும் எழுந்திரிக்கறதில்ல.

எல்லாம் சேர்த்து அஞ்சு நிமிஷம். அந்த அஞ்சு நிமிஷம் சிஸ்டர் வெளியில போய், "உள்ள ஒருத்தர் தவறிட்டார், டாக்டர் வந்துடுவார்"னு காத்திருக்கிறவங்ககிட்ட சொல்லிடுவாங்க. அப்படிச் சொன்னா பெரும்பாலும் யாரும் கதவைத் தட்டறதில்ல. நம்ம ஜனங்க அந்த அளவுக்கு ஈரம் உள்ளவங்கதான். நாமதான் சொல்லாம விட்டுடுறோம்.

20/
இன்னொண்ணு. அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜோனதன் பார்ட்டெல்ஸ் என்ற செவிலியர் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். ஒருத்தர் இறந்ததும், அந்த உயிருக்காகப் போராடின எல்லாரும் அங்கேயே ஒரு நிமிஷம் போல மௌனமா நிக்கணும். மதம் இல்லை, மந்திரம் இல்லை. இவர் ஒரு மனுஷன், யாரோ ஒருத்தருக்கு வேண்டியவர்னு நினைச்சிக்கிட்டா போதும்.

நாங்களும் இப்போ நிக்கிறோம். நான், சிஸ்டர், அந்த அக்கா. முதல் தடவை அக்காவைக் கூப்பிட்டப்போ, "நான் எதுக்கு சார்"னு துடைப்பத்தோட வெளியில நின்னாங்க. "நீங்கதான்க்கா முக்கியம்"னு சொன்னோம்.

21/
உண்மையைச் சொல்லணும். இப்படி மாத்தினதுக்கப்புறம் எனக்கு வலி அதிகமாச்சு. முன்னாடி இட்லி எறங்கினது, இப்போ சில நாள் எறங்கறதில்ல. ஒரு தடவை வீட்டுல அழுதேன். என் மனைவி முதல்ல பயந்துட்டாங்க. அப்புறம், "ரொம்ப நாளா நீங்க எதையும் சொல்றதே இல்ல, இப்போதான் சொல்றீங்க"ன்னாங்க.

வலிக்குது. ஆனா ரெண்டு நாள்ல அடங்குது. முன்னாடி வலிக்காம உள்ள போனது எதுவும் அடங்கல. வீட்டுல பிள்ளை விழுந்து அழுதாலும், "இதெல்லாம் ஒரு விஷயமா"ன்னு நிமிர்ந்துகூட பாக்காம போனை நோண்டிக்கிட்டு இருந்தேன் பாருங்க, அங்க போய் அது சேர்ந்திருக்கு.

22/
எல்லா ராத்திரியும் இதைச் செய்ய முடியுதான்னா, இல்ல. ரெண்டு எமர்ஜென்சி ஒண்ணா வந்தா மறுபடி கதவோரம்தான். தனி மனுஷன் நல்லவனா இருக்கிறதால மட்டும் இது சரியாகாது. டூட்டிக்கு இன்னொரு ஆள் வேணும். துக்கம் சொல்ல ஒரு அறை வேணும். காவலுக்கு ஆள் வேணும். ஒரு கஷ்டமான ராத்திரிக்கு மறுநாள் ஓய்வு வேணும்.

இது ஆஸ்பத்திரிக்கு மட்டும் இல்ல. உங்க கீழ நாலு பேர் வேலை பாத்தா உங்களுக்கும்தான். திட்டு வாங்குற கவுண்டர்ல ஒரே ஆளை வருஷம் முழுக்க உக்கார வெக்காதீங்க, மாத்தி விடுங்க. கஸ்டமர் எல்லை மீறினா, உங்க ஆள் பக்கம் நில்லுங்க. மோசமான கால் ஒண்ணு பேசி முடிச்சவங்களுக்கு அஞ்சு நிமிஷம் எழுந்து போக அனுமதி குடுங்க. "சிரிச்ச முகமா இருங்க"ன்னு போர்டு மாட்டறதுக்கு முன்னாடி அந்த முகம் எப்போ சாப்பிட்டுச்சுன்னு கேளுங்க.

23/
பேசுறதுக்கு ஒரு இடமும் வேணும். பாஸ்டனைச் சேர்ந்த கென்னத் ஸ்வார்ட்ஸ் என்ற வழக்கறிஞர் நுரையீரல் புற்றுநோயால் 1995-ல் இறந்தார். தன்னைப் பாத்துக்கிட்டவங்களோட கனிவுதான் அவருக்குப் பெரிய ஆறுதலா இருந்தது. அவர் பெயரால் அமைந்த மையம் மருத்துவமனைகள்ல ஒரு கூட்டத்தைத் தொடங்கி வெச்சது. டாக்டர், நர்ஸ், துப்புரவுப் பணியாளர் எல்லாரும் ஒண்ணா உக்காந்து, என்ன மருந்து குடுத்தோம்னு இல்லாம, அன்னைக்கு மனசுக்கு எப்படி இருந்ததுன்னு பேசுவாங்க. இப்போ பிரிட்டன்லயும் பல மருத்துவமனைகள்ல நடக்குது.

எங்க ஊர்ல அதுக்கு ஒரு டீக்கடை போதும். டூட்டி முடிஞ்சு பத்து நிமிஷம்.

24/
இப்போ உங்களுக்கு மூணு கேள்வி. மனசுக்குள்ள பதில் சொல்லுங்க.

• வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்புறம் யார்கிட்டயும் பேசப் பிடிக்காம போன்ல மூழ்குறது தினமும் நடக்குதா?
• வேலையில சந்திக்கிறவங்க மேல முன்ன இருந்த இரக்கம் போய், எரிச்சல் மட்டும் மிச்சமா இருக்கா?
• முன்ன சந்தோஷம் குடுத்த விஷயம் எதுவும் இப்போ குடுக்கலையா?

வாரக்கணக்கா இப்படி இருந்தா, "எல்லாருக்கும் இருக்கிறதுதான்"னு விட்டுடாதீங்க. தூக்கம் கெட்டுப்போறது, சாயந்திரம் ஆனா குடி தேடுறது, வாழ்ந்து என்ன ஆகப்போகுதுன்னு தோணுறது, இதெல்லாம் இருந்தா கட்டாயம் உதவி கேளுங்க. 14416, டெலி-மனஸ் இலவச எண். 24 மணி நேரமும் தமிழ்ல பேசலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையில மனநலப் பிரிவு இருக்கு. போறது அவமானம் இல்ல. நானும் ஒரு நண்பர்கிட்ட, அவர் மனநல மருத்துவர், போய்ப் பேசினேன்.

25/
அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு வந்தா, டாக்டர் மூஞ்சியைச் சிடுசிடுன்னு வெச்சிருந்தா, கேள்வி கேளுங்க. அது உங்க உரிமை. அவர் முன்னாடி இருந்த அறையில என்ன நடந்ததுன்னு உங்களுக்குத் தெரியாதுங்கிறதையும் ஒரு ஓரமா நினைச்சுக்கோங்க. முக்கியமா, போகும்போது ஸ்ட்ரெச்சர் தள்ளின அக்காவுக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க.

26/
அந்த அம்மா மாசாமாசம் மாத்திரை வாங்க வர்றாங்க. அவங்க பேர் எனக்கு இப்போ தெரியும். "அன்னைக்கு உங்களைத் தெரியும்னு பொய் சொன்னேம்மா, மன்னிச்சுக்கோங்க"ன்னு மூணாவது மாசம் சொன்னேன்.

"எனக்கு அப்பவே தெரியும் சார்"னாங்க.

பி.பி. 130/80. வாசல்ல அக்கா அவங்களுக்காகக் காத்துக்கிட்டு இருந்தாங்க.

முகத்துல சிரிப்போட வேலை பாக்குற யாராவது உங்க ஞாபகத்துக்கு வந்தா, இதை அவங்களுக்கு அனுப்புங்க. இன்னைக்கு எப்படி இருந்ததுன்னு ஒரு வார்த்தை கேளுங்க.